கான்குவரர்: ஜெராக்ஸ் கடை லினக்ஸ் மெஷினுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

வேலூரில் சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆபீசர்ஸ் லைனிலும் காட்பாடி ரோட்டிலும் இருக்கும் ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் பாதி வேலை ஃபைலை நகர்த்துவதுதான். வந்தவரின் போனில் ஒரு பிடிஎஃப், ஸ்கேனர் மாட்டிய விண்டோஸ் மெஷினில் ஒரு படம், அரசுத் தளத்தில் ஒரு விண்ணப்பப் படிவம். மூன்றும் ஒரே ஃபோல்டருக்கு வந்து, பெயர் மாறி, பிரின்டருக்குப் போக வேண்டும். இந்த வேலைக்குக் கான்குவரர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கடையின் ஒரே பிரவுசராக அதை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டோம்.

கான்குவரர், லினக்ஸுக்கு டெஸ்க்டாப்பும் நிரல்களும் எழுதும் கேடிஇ குழுவின் திறமூல மென்பொருள். 2000 அக்டோபரில் கேடிஇ 2 உடன் வந்தபோதே பிரவுசராகவும் ஃபைல் மேனேஜராகவும் இருந்தது. அதற்காகக் கேடிஇ எழுதிய, இணையப் பக்கத்தை வரைந்து காட்டும் கேஹெச்டிஎம்எல் என்ஜினிலிருந்துதான் ஆப்பிள் தன் வெப்கிட்டைக் கிளைத்து எடுத்தது. வெப்கிட்டிலிருந்து 2013இல் கூகுளின் பிளிங்க் பிரிந்தது. இன்று கான்குவரர் இணையப் பக்கங்களைக் காட்டுவது குரோம் பிரவுசரின் திறமூல அடித்தளமான குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட க்யூடி வெப்என்ஜின் மூலம். 2008இல் கேடிஇ 4 வந்ததும் ஃபைல் மேனேஜர் பொறுப்பு டால்ஃபினுக்குப் போய்விட்டது. அதனால் கான்குவரருக்குள் தெரியும் ஃபோல்டர் காட்சியும் டால்ஃபினின் பாகமே.

நிறுவும்போது முதல் சிக்கல் இங்கேதான் வரும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் இடம் மிச்சம் பிடிக்க, பரிந்துரைக்கும் தொகுப்புகளை விட்டுவிட்டுக் கான்குவரரை மட்டும் போடுகிறார்கள். பிறகு ஃபோல்டர் திறக்கவில்லை என்கிறார்கள். டால்ஃபின் தொகுப்பு இருந்தால்தான் ஃபோல்டர் காட்சி வரும். பிடிஎஃப் உள்ளேயே திறக்க ஒக்யுலர், ஜிப்புக்கு ஆர்க், போனுக்கும் நெட்வொர்க்குக்கும் கேஐஓ எக்ஸ்ட்ராஸ் ஆகியவையும் வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ போன்ற டெஸ்க்டாப்பில் ஐகான்கள் வெள்ளைத்தாளாகத் தெரிந்தால் பிரீஸ் ஐகான் தொகுப்பைச் சேருங்கள். பழைய பதிப்புகளில் ஒரே கிளிக்கில் ஃபைல் திறந்துவிடும், விண்டோஸுக்குப் பழகிய கைக்கு இது பெரிய தொல்லை. கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள கேடிஇ குளோபல்ஸ் ஃபைலில், கேடிஇ என்ற தலைப்பின் கீழ் சிங்கிள்கிளிக் என்பதற்கு ஃபால்ஸ் என்று கொடுத்தால் இரட்டைக் கிளிக்குக்கு மாறும். 2024 பிப்ரவரியில் வந்த, கேடிஇ டெஸ்க்டாப்பின் பிளாஸ்மா 6 பதிப்பு முதல் இரட்டைக் கிளிக்தான் இயல்பு.

கான்குவரரின் உண்மையான பலம் ஜன்னலைப் பிரிப்பதில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் இடம் வலமாக இரண்டாகும். பிரிந்தவுடன் இரண்டு பாதியிலும் ஒரே இணையப் பக்கம்தான் தெரியும். வலதுபுறத்தில் ஒருமுறை கிளிக் செய்து, முகவரிப் பட்டையில் டில்டே (~) குறியைத் தட்டி என்டர் கொடுத்தால் ஹோம் ஃபோல்டர் வந்துவிடும். கிளிக் செய்ய மறந்தால் இடதுபுறம் திறந்திருந்த படிவம் போய், அங்கே ஃபோல்டர் வந்து நிற்கும். முகவரிப் பட்டை எப்போதும் கடைசியாகத் தொட்ட பாதிக்குத்தான் சொந்தம் என்பதைப் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இப்போது இடதுபுறப் பக்கத்தில் உள்ள பிடிஎஃப் லிங்கை இழுத்து வலதுபுற ஃபோல்டரில் விட்டால், நகலெடுக்கவா என்று கேட்டு இறக்கிக்கொள்ளும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய்த் தேட வேண்டியதில்லை. நேரடி லிங்குக்கு மட்டுமே இது நடக்கும். பட்டனை அழுத்தியதும் ஸ்கிரிப்ட் உருவாக்கித் தரும் சான்றிதழ்களை இப்படி இழுக்க முடியாது. அவற்றை வழக்கம்போலச் சேமிக்க வேண்டியதுதான்.

பத்து ஸ்கேன் படங்களைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, பெயரோடு ஒரு ஹாஷ் (#) குறி சேர்த்தால் எல்லாவற்றுக்கும் வரிசை எண் விழும். பெயர் தவறிவிட்டால் கன்ட்ரோல் இசட் போதும்.

போனை மாட்டி முகவரிப் பட்டையில் எம்டிபி (போனின் ஃபைல்களை மெஷினுக்குக் காட்டும் முறை), முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு கொடுத்தால் அதன் நினைவகம் தெரியும். போனில் சார்ஜ் மட்டும் என்றிருப்பதை ஃபைல் பரிமாற்றம் என்று மாற்றியிருக்க வேண்டும். அப்படியும் சாதனம் வேறொன்றின் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், டெஸ்க்டாப்பின் சொந்த ஃபைல் மேனேஜர் முந்திக்கொண்டு போனைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எம்டிபி இணைப்பை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்திருக்க முடியும். அங்கே போனை வெளியேற்றிவிட்டு இங்கே புதுப்பித்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் மெஷினின் ஷேரை (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை) நெட்வொர்க் பட்டியலில் தேடிப் பல கடைகளில் நேரம் போகிறது. விண்டோஸ் ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் பதிப்பைப் பாதுகாப்புக்காக இரு பக்கமும் நிறுத்திவிட்டதால் பட்டியல் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எஸ்எம்பி முகவரியில் அந்த மெஷினின் ஐபி எண்ணையும் ஷேரின் பெயரையும் நேரடியாகக் கொடுத்து, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். ரவுட்டரில் அந்த ஐபியை நிரந்தரமாக்கிவிட்டால் கரன்ட் போய் வந்தாலும் எண் மாறாது. இன்னொரு லினக்ஸ் மெஷின் என்றால் ஃபிஷ் என்று தொடங்கும் முகவரி போதும், அங்கே வேறு மெஷினிலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்ஹெச் ஓடினால் வேறெதுவும் தேவையில்லை. ஃபயர்பாக்ஸும் குரோமும் 2021இலேயே பழைய ஃபைல் பரிமாற்ற முறையான எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன, கான்குவரர் இன்னும் திறக்கிறது.

நெட்வொர்க் ஃபைல்களில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஷேரில் உள்ள ஆவணத்தை லிப்ரேஆஃபிஸில் திறந்தால், கான்குவரர் முதலில் ஒரு தற்காலிக நகலை எடுத்து அதைத்தான் கொடுக்கிறது. திருத்திச் சேமித்து மூடிய பிறகு, மாற்றத்தை மேலேற்றவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தினால் அந்த மெஷினில் பழைய ஆவணமே இருக்கும். கேஐஓ ஃப்யூஸ் தொகுப்பைப் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே வராது, ஷேர் உள்ளூர் ஃபோல்டர் போலவே லிப்ரேஆஃபிஸுக்குத் தெரியும்.

பிரவுசராக இதன் குறைகள் சிறியவை அல்ல. ஃபயர்பாக்ஸ், குரோம் நீட்சிகள் எதுவும் இதில் ஏறாது. க்யூடி வெப்என்ஜின் குரோமியத்துக்குப் பின்னால்தான் வரும், லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பில் இன்னும் பின்தங்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாக வரும் ஒன்றில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கையோ ஆதாரையோ திறப்பது சரியல்ல. அதற்கு ஃபயர்பாக்ஸ் தனியாக இருக்கட்டும். படிவம், அறிவிப்பு, தேர்வு முடிவு பார்ப்பதற்குக் கான்குவரர் தாராளமாகப் போதும்.

தமிழ்99இல் தட்டினால் மற்ற நிரல்களில் தமிழ் வந்து இதில் மட்டும் ஆங்கிலமே வருகிறதா? தட்டச்சுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்துவோர் அதன் க்யூடி (கேடிஇ நிரல்களின் அடிப்படை நூலகம்) பாகத்தைத் தனியாகப் போட வேண்டும். கான்குவரர் க்யூடி 5 பதிப்பா 6 பதிப்பா என்று பார்த்து அதற்குரியதைப் போடுங்கள், மாற்றிப் போட்டால் பயனில்லை.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் 2 ஜிபி ரேம் உள்ளவை இன்னும் சில கடைகளில் ஓடுகின்றன. அவற்றில் ஃபோல்டர் வேலை தடையில்லாமல் நடக்கும். இரண்டு மூன்று கனமான தளங்களை டேபில் திறந்தால்தான் வெப்என்ஜின் நினைவகத்தைத் தின்று மெஷின் திணறும். அமைப்புகளில் செயல்திறன் பகுதியில் கான்குவரரை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் தேர்வு இருந்தால், அந்த மெஷின்களில் அதை எடுத்துவிடுங்கள்.