அமுமாவின் பாஸ்க்கும் பாடப்புத்தக பாஸ்க்கும்: ஆறு வருட அனுபவம்

2019 செப்டம்பரில் என் கணவர் திடீரென்று பாஸ்க் மொழி, அதாவது ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலும் பேசப்படும் மொழி, படிக்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி நகரத்தில். ஸ்பெயினின் பிஸ்காயா கடலோரத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். கணவரின் தாத்தாவும் அப்படித்தான், 1950களில் ஒப்பந்தத்தில் வந்தவர். அவரை நான் பார்த்ததில்லை. பாட்டி இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'அமுமா'. பிஸ்காயா வழக்கில் பாட்டிக்கு அதுதான் பெயர். கல்யாணமான புதிதில் என் காதில் அது 'அம்மம்மா' என்றே விழுந்தது. (உடனே தமிழுக்கும் பாஸ்க்குக்கும் உறவு கண்டுபிடித்து வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்க்குக்கு உறவுமொழி என்று நிரூபிக்கப்பட்டது உலகில் எதுவுமே இல்லை. விட்டுவிடலாம்.)

கணவர் ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார். பாய்ஸியில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜயால்தி என்ற பெரிய பாஸ்க் திருவிழா நடக்கும். அடுத்தது 2020 ஜூலையில். அதற்குள் பேசிவிட வேண்டும். தனியாகப் படித்தால் விட்டுவிடுவார் என்று தெரிந்து நானும் சேர்ந்துகொண்டேன். அப்புறம் கொரோனா வந்து, விழா தள்ளித் தள்ளிப் போய் 2025இல்தான் நடந்தது. எங்கள் பாஸ்க்கும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வந்தது.

முதலில் காசில்லாத வழிகளைப் பார்த்தோம். டுவோலிங்கோ செயலியில் பாஸ்க் கிடையாது. தானாகப் படிக்கும் புத்தகங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலானவை விளக்கத்தை ஸ்பானிஷில் எழுதி வைத்திருக்கும். கணவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் உணவகத்தில் ஆர்டர் கொடுக்கும் அளவுக்குத்தான். ஆங்கில விளக்கத்தோடு கிடைப்பவை கைவிரல் விட்டு எண்ணலாம். எல்ஹுயார் இணைய அகராதி மட்டும் இன்றுவரை தினமும் திறக்கிற ஒன்று. இலவசம், ஆங்கிலத்திலிருந்தும் தேடலாம்.

இலக்கணத்தில் எனக்கு எதிர்பாராத சௌகரியம் கிடைத்தது. 'எச்செ' என்றால் வீடு. வீட்டுக்கு என்றால் 'எச்செரா', வீட்டிலிருந்து என்றால் 'எச்செதிக்'. பின்னால் ஒட்டிக்கொண்டே போகும், நமக்குப் பழகிய சமாசாரம். 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் நம்மைப் போலத்தான், 'எனக்கு' என்றே தொடங்கும். 'நான் பார்த்த வீடு' என்பதில் 'நான் பார்த்த' முன்னால் வரும், வீடு பின்னால் வரும். ஆங்கிலத்திலேயே வளர்ந்த கணவர் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பயிற்சியை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு இட்லிக்கு அரைக்கப் போனேன். அந்த வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தத் திமிர் அதிக நாள் நிற்கவில்லை. 'நான் வந்தேன்' என்றால் நான் என்பதற்கு 'நி'. 'நான் ரொட்டி தின்றேன்' என்றால் அதே நான் 'நிக்' ஆகிவிடும். ஏதாவது ஒன்றைச் செய்கிறவர் என்றால் ஒரு 'க்' ஒட்ட வேண்டும், சும்மா வந்து போகிறவருக்கு வேண்டாம். எழுதும்போது சரியாக வரும். பேசும்போது இன்றைக்கும் எனக்கு விட்டுப்போகிறது. அப்புறம் துணைவினைகள். யார், எதை, யாருக்கு என்ற மூன்றையும் ஒரே சின்னச் சொல்லில் அடைத்துவிடுவார்கள். உனக்குச் சொன்னேன் என்றால் ஒன்று, அவருக்குச் சொன்னேன் என்றால் வேறொன்று, சொன்ன விஷயம் பலவாக இருந்தால் இன்னொன்று. அந்த அட்டவணை எங்கள் பிரிட்ஜ் கதவில் இரண்டு வருடம் ஒட்டியிருந்தது.

கணவரோ அந்த 'க்' விஷயத்தில் தப்பே செய்ய மாட்டார். ஏன் என்று கேட்டால் தெரியாது. சின்ன வயதில் அமுமாவின் சமையலறை மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டே கேட்டதெல்லாம் எங்கேயோ தங்கியிருக்கிறது. அமுமா கணவரின் அம்மாவிடம் பாஸ்க்கில் பேசுவார், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பேரனிடம் வரும்போது அமுமாவே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

பாஸ்க் நாட்டில் (தனி நாடு இல்லை, பாஸ்க் மக்களின் பூர்வீகப் பகுதிக்கு அப்படிப் பெயர்) 2018இல் எவுஸ்கரால்தியா என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பதினோரு நாள், முடிந்த இடத்தில் எல்லாம் பாஸ்க்கிலேயே பேசுவது. கலந்துகொள்கிறவர்கள் இரண்டு வகை பேட்ஜில் ஒன்றைக் குத்திக்கொள்ளலாம். 'அகோபிஸி' என்றால் வாய் உயிரோடு இருப்பவர், அதாவது பேசுகிறவர். 'பெலார்ரிபிரெஸ்த்' என்றால் காது தயாராக இருப்பவர், என்னிடம் பாஸ்க்கில் பேசுங்கள், புரியும் என்று அர்த்தம். கணவர் பிறவி பெலார்ரிபிரெஸ்த். அவருக்கு வாய்தான் பிரச்சினை.

அந்த வாயையும் முதல் வகுப்பில் அடைத்துவிட்டார்கள். வாரம் ஒரு மாலை நடந்த வகுப்பு, எதுவென்று சொல்லப் போவதில்லை. முதல் நாள் ஆசிரியரிடம் அவர் 'செலான் சாகோஸ்' என்று நலம் விசாரித்தார். 'இங்கே நோலா சௌதே என்று சொல்வோம்' என்று பதில் வந்தது. அடுத்த வாரம் வீட்டுப்பாடத்தில் ஒரு துணைவினையை 'தொத்' என்று எழுதியிருந்ததை அடித்து 'துத்' என்று திருத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் எழுதிய 'தொமேகா'வும் சிவப்பு மையில் 'இகாந்தேயா' ஆனது. எல்லாமே அமுமாவிடமிருந்து அவர் கொண்டுவந்த சொற்கள். அவரிடம் இருந்ததே ஒரு இருபது முப்பது சொல்தான், அதில் பாதி தப்பு என்று ஆகிவிட்டது. மூன்று மாதம் நோட்டைத் திறக்கவில்லை.

ஆசிரியரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1968இல் அரான்ட்சாசு என்ற மடத்தில் பாஸ்க் மொழிக் கழகம் கூடி 'பதுவா' என்ற பொது எழுத்துவழக்கை வகுத்தது. முன்னின்றவர் கோல்தோ மிட்செலேனா. நடுப்பகுதி வழக்குகளை அடிப்படையாக வைத்தார்கள், மேற்கே இருக்கும் பிஸ்காயா வழக்கு அதிலிருந்து நிறையவே தள்ளி நிற்கும். ஆனால் பதுவா இல்லாமல் பள்ளிக்கூடமோ பத்திரிகையோ தொலைக்காட்சியோ இந்த அளவுக்கு வந்திருக்காது. 2016 கணக்கெடுப்பில் பதினாறு வயதுக்கு மேல் பாஸ்க் பேசுகிறவர்கள் சுமார் ஏழரை லட்சம் பேர்தான். அவ்வளவு சின்ன மொழிக்கு ஊருக்கு ஒரு எழுத்து கட்டுப்படியாகாது. என் வருத்தம் எல்லாம் திருத்திய விதத்தில்தான். 'உங்கள் பாட்டி சொல்வது பிஸ்காயா வழக்கு, புத்தகத்தில் இப்படி இருக்கும்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், அவர் கஷ்டப்பட்டு 'நோலா சௌதே' கற்றுக்கொண்டு போய் அமுமாவிடம் சொன்னபோது அமுமா விழுந்து விழுந்து சிரித்தார். செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். பிறந்தநாளுக்கு பாஸ்க்கில் எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டையை அமுமாவால் வாசிக்கவும் முடியவில்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் படித்தவர், பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான். பாஸ்க் அவருக்குக் கண்ணால் தெரியாது. நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன், என் உச்சரிப்பில். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என்னிடம் அமுமா பாஸ்க்கிலேயே பேசினார். தப்பாகச் சொன்னால் திருத்துவார், மெதுவாக இன்னொரு தடவை சொல்வார். கணவர் பக்கம் திரும்பியதும் பாதி வாக்கியத்தில் ஆங்கிலம் வந்துவிடும். அவர் பாஸ்க்கில் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான். முப்பது வருடமாக அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த மொழி ஆங்கிலம். எனக்கும் அமுமாவுக்கும் நடுவில் அப்படிப் பழகிய மொழி எதுவும் இல்லை, அதனால் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ள முடிந்தது. பூர்வீகமே இல்லாத நான் வேகமாகப் பேசக் கற்றதற்குக் காரணம் தமிழ் இலக்கணம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இதுதான் உண்மையான காரணம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை மதியம் அமுமா வீட்டில் நானும் அவரும் பேசுவோம், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பார். கேள்வி என்னுடையது. உறவுமுறைச் சொற்களில் மட்டும் நாலு சனிக்கிழமை போனது. ஆணுடைய சகோதரி 'அர்ரேபா', பெண்ணுடைய சகோதரி 'அயிஸ்பா' என்று யாருடைய சகோதரி என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். நான் பதிலுக்கு அக்கா தங்கை வித்தியாசத்தைச் சொன்னேன், அமுமாவுக்கு அது தேவையில்லாத வேலையாகத் தோன்றியது. கணவர் ஒரு வருடம் உருளைக்கிழங்கு மட்டும்தான் உரித்தார். பிறகு நடுவில் ஒரு சொல், ஒரு வாக்கியம். அமுமா என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நுழைந்தால் மொழி மாறுவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

நடுவே 2021இல் பாஸ்க் நாட்டிலிருந்து நடக்கும் ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தோம். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மதியம் பன்னிரண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடலாம். முறையான இலக்கணம் அங்கேதான் வந்தது. பேசும் வாய்ப்பு குறைவு.

காசு கொடுத்து வாங்கியதில் எது உருப்படி என்று கேட்டால், 2023 கோடையில் பிஸ்காயாவில் ஒரு பர்னெதெகியில் தங்கிய இரண்டு வாரம்தான். பர்னெதெகி என்றால் தங்கிப் படிக்கும் பள்ளி. சாப்பாட்டு மேஜை, தேநீர், சண்டை எல்லாம் பாஸ்க்கில்தான். மூன்றாம் நாள் கணவருக்குத் தலைவலி, ஊருக்குப் போய்விடலாம் என்றார். ஐந்தாம் நாள் சமையல்கார அம்மாவிடம் 'செலான் சாகோஸ்' என்றார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். பாய்ஸி என்றதும் நம்பவில்லை, தன் அம்மா மாதிரிப் பேசுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும் பேச்சே எழவில்லை. அங்கே இருந்த ஆசிரியர் 'வகுப்பில் பதுவா எழுதுங்கள், வெளியே பாட்டி மாதிரிப் பேசுங்கள்' என்றார். நாலு வருடம் முன்னாலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னும் எட்டாத விஷயங்களும் உண்டு. பெர்ச்சோலாரிகள் என்று மேடையிலேயே பாட்டுக் கட்டிப் பாடும் ஆசுகவிகள் இருக்கிறார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எனக்கு முதல் அடி புரியும். கணவருக்கு மூன்றாவது அடி வரை.

தொடங்குகிறவர்களுக்குப் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் முதலில் அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துவிடுங்கள், வகுப்பில் சேருவதற்கு முன்னாலேயே. நாங்கள் மூன்றாம் வருடம்தான் செய்தோம். அதற்குள் அமுமா சில கதைகளின் பாதியை மறந்திருந்தார்.

2025 ஜயால்தியில் கணவர் வந்தவர்களிடம் நன்றாகவே பேசினார். ஆனால் எங்களுக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. போன் அடித்தது, கணவர் எடுத்தார், இரண்டு வார்த்தை பேசினார், வைத்தார். 'அமுமா ரொட்டி வாங்கி வரச் சொன்னார்' என்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு நின்றுவிட்டார். 'எந்த மொழியில் சொன்னார்?' என்று என்னையே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். யோசித்துப் பார்த்தால் 'ஒகியா எகார்ரி' என்றுதான் சொல்லியிருக்கிறார், நடுவில் நான் இல்லாமலே.

அவர் வாங்கிப் போனது துண்டு போட்ட ரொட்டி. அமுமாவுக்கு வேண்டியிருந்தது நீள ரொட்டி. அதற்கு மட்டும் ஆங்கிலத்தில் திட்டு விழுந்தது.