பீர் தயாரிப்புப் பெட்டி: சரக்கில் குறையில்லை, குறிப்புத் தாளில்தான் குறை

புதிதாகத் தொடங்குவோருக்கென விற்கப்படும், 20 லிட்டர் பீர் தயாரிக்கக்கூடிய பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு முறை பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு), சர்க்கரையை நொதிக்கவைக்கும் 6 கிராம் ஈஸ்ட், குழாய் பொருத்திய மூடி வாளி, உள்ளிருக்கும் வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக், திரவத்தின் அடர்த்தியை அளந்து சர்க்கரை எவ்வளவு மீந்திருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டர், நான்கு பக்கக் குறிப்புத் தாள் ஆகியவை அதில் இருந்தன. தாளில் உள்ளதை வரிக்கு வரி பின்பற்றித் தயாரித்த முதல் பீரில் பச்சை ஆப்பிளின் வாடையும், தொண்டையில் இறங்கும்போது ஓர் எரிச்சலும், அடியில் மருந்து போன்ற ஒரு சுவையும் இருந்தன. இத்தனைக்கும் நாவில் கனமே இல்லை.

விற்பனையாளரிடம் கேட்டபோது, இன்னும் சில வாரங்கள் பாட்டிலிலேயே வைத்திருக்கும்படி பதில் வந்தது. இதில் பாதிதான் உண்மை. பச்சை ஆப்பிள் வாடைக்குக் காரணமான அசிட்டால்டிஹைடு, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வழியில் இடையில் உருவாகும் பொருள் என்பதால், காத்திருந்தால் அது ஓரளவு குறையும். ஆனால் எரிச்சலும் மருந்துச் சுவையும் காத்திருப்பதால் போகக்கூடியவை அல்ல.

எரிச்சலுக்கு வெப்பமே காரணம். தாளில் "வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே ஏற்றது. நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால், வாளிக்குள் இருக்கும் திரவம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என் வாளி இரண்டாம் நாளில் 29 டிகிரியைத் தொட்டிருந்தது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களை அதிகமாக உருவாக்கும். அவை உருவான பிறகு நீக்க வழியில்லை.

ஏர்லாக்கில் குமிழிகள் நின்றதும், ஏழாம் நாளில், பாட்டிலில் அடைக்கும்படி தாள் சொன்னது. மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே குமிழிகள் நின்றுவிடும் என்பதால் அது நம்பத்தக்க அறிகுறி அன்று. ஹைட்ரோமீட்டரைக் கொடுத்துவிட்டு, அதன் பயன்பாட்டை ஒரே வரியில் முடித்திருப்பதை எப்படி மன்னிப்பது? 1.042 என்று தொடங்கிய அடர்த்தி, நான் அடைத்தபோது 1.016 ஆக இருந்தது, 1.010-ஐ ஒட்டி வந்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்ற பிறகே அடைத்திருக்க வேண்டும். மீந்திருந்த சர்க்கரை பாட்டிலுக்குள்ளும் நொதித்து வாயுவை உண்டாக்கியதால், சில பாட்டில்கள் திறந்ததும் நுரையாய்ப் பொங்கின. வெடிக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

கனமின்மைக்குக் காரணம், தாள் சேர்க்கச் சொன்ன ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை. அது முழுவதும் நொதித்துவிடுவதால் ஆல்கஹாலைத் தருமே தவிர, நாவில் நிற்க எதையும் விட்டுவைக்காது. மருந்துச் சுவையோ, குழாய்நீரில் உள்ள குளோரின் பீரிலுள்ள ஃபீனால்கள் என்னும் சேர்மங்களுடன் சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறியதன் விளைவு. கொதிக்கவைத்தால் குளோரின் வெளியேறும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கப்படும் குளோரமைன் எளிதில் போகாது. மிகச் சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் இரண்டையும் நீக்கிவிடும்.

இரண்டாம் முறை அதே பெட்டியை வாங்கினேன். தண்ணீரைச் சரிசெய்து, சர்க்கரைக்குப் பதிலாக உலர் மால்ட் சாற்றுப் பொடியைச் சேர்த்து, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பனிக்கட்டி உறைந்த பாட்டில்களைக் காலை மாலை மாற்றி மாற்றிப் போட்டு 20 டிகிரியில் வைத்தேன். அடைத்தது பதினாறாம் நாள். வந்தது தெளிவான, மிதமான கசப்புள்ள, நண்பர்களுக்குத் தயங்காமல் ஊற்றித் தரக்கூடிய பீர். ஆகவே மால்ட் சாற்றையும் வாளியையும் குறைசொல்ல மாட்டேன். 20 லிட்டருக்கு 6 கிராம் ஈஸ்ட் குறைவு என்பதால் 11 கிராம் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. வாளியின் குழாய் மரையில் கசடு தங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதை முழுவதும் கழற்றிக் கழுவி, கிருமிநீக்கிக் கரைசலில் ஊறவைத்த பிறகே மீண்டும் பூட்டுகிறேன்.