99,000 ரூபாய்க்கு ஸ்விஃப்ட் என்று என் யார்டு பெயரில் போட்டார்கள்

கோவை சத்தி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் சின்ன யார்டு எங்களுடையது. நானும் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஒரு நேரத்தில் பத்து, பன்னிரண்டு வண்டி நிற்கும். இதே தொழிலில் இருப்பவர்களும், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் 'சோஷியல் மீடியா நாங்க பார்த்துக்கறோம்' என்று யாராவது வந்தால் இதை ஒரு தடவை படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள். மூன்று மாதத்தில் எனக்குப் போனது 1,05,000 ரூபாய். ஒரு வண்டியில் செலவெல்லாம் போக 15,000 நின்றால் நல்ல வியாபாரம் என்று நினைக்கிற ஆள் நான். ஏழு வண்டி லாபம் அது.

இரண்டு பையன்கள் லேப்டாப்போடு வந்தார்கள். மாதம் 35,000, அதில் 20,000 ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு, 15,000 அவர்கள் கூலி. "நீங்க வண்டிய மட்டும் பாருங்ணா, பார்ட்டிய நாங்க கொண்டாந்து நிறுத்தறோம்" என்றான் ஒருவன். நல்லாப் பேசினான். தம்பி ஃபோனில் படம் எடுத்துப் போட்டுவந்த எங்கள் பழைய பேஜில் நானூறு பேர்தான் இருந்தார்கள். அது வேண்டாம், புதுசு போட்டுக்கலாம் என்றார்கள். பத்தே நாளில் புதுப் பேஜில் 11,000 ஃபாலோயர்ஸ். நான் அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். பத்து நாளில் பதினோராயிரம் பேர் ஒரு பழைய கார் யார்டை ஏன் தேடி வரப்போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை தோறும் லீடு என்று, அதாவது விளம்பரம் பார்த்து நம்பர் கொடுத்தவர்கள் என்று, ஒரு எக்செல் ஷீட் வரும். முதல் வாரம் 140 நம்பர். தம்பி உட்கார்ந்து வரிசையாகக் கூப்பிட்டான். பாதிப்பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் நிறையப் பேர் இந்தி. ஒருத்தர் பாட்னாவில் இருக்கிறார். தமிழில் பேசியவர்களோ, "நான் எப்பங்க கார் கேட்டேன்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. விளம்பரத்தைத் தட்டினால் திறக்கிற ஃபேஸ்புக் ஃபார்மில் பெயரும் நம்பரும் ப்ரொஃபைலிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். கை தவறி இரண்டு தட்டு தட்டினாலே போய்விடும். அனுப்புமுன் 'சரிதானா' என்று ஒரு தடவை கேட்கும்படி அந்த ஃபார்மை வைக்கலாம். வைத்தால் லீடு குறையும், அதனால் இவர்கள் வைக்கவில்லை.

அந்தப் பையனிடம் கேட்டதற்கு, "லேர்னிங் ஃபேஸ்ணா, போகப்போக செட் ஆயிடும்" என்றான். விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம் என்று ஃபேஸ்புக் கற்றுக்கொள்கிற ஆரம்பக் கட்டம், அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் கோவை வண்டியைப் பாட்னாவுக்குக் காட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விளம்பரத்தை நாடு முழுக்கத் திறந்துவிட்டால் லீடு சல்லிசாக விழும், ஷீட் நீளமாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

இதுவரைக்கும் போனது காசு. ஒரு சனிக்கிழமை நடந்ததுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

கோபியிலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சப்பை. நேராக அந்தச் சிவப்பு ஸ்விஃப்ட்டுக்குப் போய் நின்றார்கள். 2016 மாடல், டீசல், 4,35,000 சொல்லிக்கொண்டிருந்த வண்டி. விலையைச் சொன்னதும் பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் ஃபோனை நீட்டினான். எங்கள் போர்டு, எங்கள் வண்டி, குறுக்கே கொட்டை எழுத்தில் 'வெறும் 99,000 மட்டுமே'. விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் எறும்பு மாதிரி 'முன்பணம், நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. நான் அந்தப் போஸ்டரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"ஏனுங்க தம்பி, இதுல இப்படிப் போட்டிருக்குதுங்களே" என்றார். சத்தம் போடவில்லை. பையில் ஒரு லட்சம் இருந்தது. என்ன சொல்வது என்றே தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டீக்காசை அவர் கொடுக்கப் பார்த்தார்.

அன்று ராத்திரி, ஒரு ஷோரூமில் இதே விளம்பர வேலை பார்க்கிற சொந்தக்காரப் பையனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் கேட்டதே, "பில் எங்க மாமா?" விளம்பரச் செலவு என்று அந்தப் பையன்கள் கொடுத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். சிரித்தான். ஃபேஸ்புக் ஒவ்வொரு முறை காசு எடுக்கும்போதும் ரசீது உண்டு, விளம்பரங்களை நடத்துகிற ஆட்ஸ் மேனேஜர் பக்கத்தில் பி.டி.எஃப்-ஆக இறக்கலாம், ஸ்க்ரீன்ஷாட்டில் யாரும் என்ன நம்பரையும் போடலாம் என்றான். ஒரு வாரம் விடாமல் கேட்டு ரசீதுகளை வாங்கினேன். விளம்பரத்துக்கு என்று நான் கொடுத்தது 60,000. போயிருந்தது 14,200.

பேஜின் ட்ரான்ஸ்பரன்சி பகுதியையும் அவன்தான் திறந்து காட்டினான். ஒரு பேஜுக்கு முன்னால் என்னென்ன பெயர் இருந்தது என்று அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் 'புதுப்' பேஜ் அதற்கு முன் ஒரு சினிமா மீம்ஸ் பேஜ். பதினோராயிரம் பேரும் மீம்ஸ் பார்க்க வந்தவர்கள்!

போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்றதும் ஒரே ராத்திரியில் எங்களைப் பேஜிலிருந்து தூக்கிவிட்டார்கள். பேஜும் விளம்பரக் கணக்கும் அவர்கள் பெயரில். எங்களுக்குக் கொடுத்திருந்தது போஸ்ட் போடுகிற அனுமதி மட்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சு. அது என் தப்பு.

இப்போது பழைய நானூறு பேர் பேஜுக்கே திரும்பிவிட்டோம். கணக்கு என் பெயரில், காசு என் கார்டிலிருந்து. சொந்தக்காரப் பையன் வெளியிலிருந்து வந்து வேலை மட்டும் செய்கிறான். யார்டைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள்தான் விளம்பரம் ஓடும். ஃபார்ம் இல்லை, தட்டினால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கும். வாரத்துக்கு ஒன்பது, பத்துப் பேர் வருகிறார்கள், ஆனால் 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, இன்சூரன்ஸ் கரண்ட்டா' என்று கேட்கிறார்கள். காலையில் டீ குடிக்கும்போது ஃபேஸ்புக் கம்பெனியான மெட்டாவின் ஆட் லைப்ரரியில் எங்கள் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுவேன். லாகின்கூட வேண்டாம், உங்கள் பேஜில் இப்போது ஓடுகிற விளம்பரம் எல்லாம் அதில் தெரியும். முன்னமே பார்த்திருந்தால் அந்த 99,000 போஸ்டர் கோபிக்குப் போவதற்குள் பிடித்திருக்கலாம்.

அந்தப் பேஜ் இன்னும் இருக்கிறது. இப்போது சேலத்தில் ஒரு யார்டின் பெயர் போட்டிருக்கிறது, மேலே எங்கள் சிவப்பு ஸ்விஃப்ட் படத்தை மாற்றக்கூட இல்லை. சேலத்துக்காரருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். நம்பவில்லை, போட்டிக்காரன் என்று நினைத்திருப்பார். மீதிக் காசு கேட்டு அந்தப் பையனுக்கு அனுப்பிய மெசேஜுக்கு இன்றுவரை ஒற்றை டிக்தான்.