நெகட்டிவ் ஸ்கேன் என்று சொல்லிப் பழைய டிவிடியைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 145 டாலர் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 145 டாலர். ஒரே ஒரு படத்துக்கு. திரும்ப வராது என்று இன்றைக்குத்தான் கடைசி மெயில் வந்தது. இனிமேல் முகதாட்சண்யம் பார்த்து என்ன ஆகப்போகிறது? கடையின் பெயரை மட்டும் போடவில்லை. போட்டால் புகார் கொடுத்தே பதிவைத் தூக்கவைத்துவிடுவார்கள், அந்த வேலையில் மகா கெட்டிக்காரர்கள். பழைய ஆசியப் படங்களை அட்டைப் பெட்டி, புத்தகம், போஸ்டர் எல்லாம் சேர்த்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் சின்ன ஆன்லைன் கடை. இந்த வட்டத்தில் புழங்குகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

படம் 80களில் ஹாங்காங்கில் எடுத்த வூஷியா, அதாவது சீன வாள்வீரர் சாகசப் படம். மூங்கில் நுனியில் நின்று சண்டை போடுவார்கள், துறவி கையை நீட்டினால் நீல ஒளி பாயும், வாள் உறையிலிருந்து தானாகக் கிளம்பும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைக்கு வராத காலம். ஒளி, புகை, நடிகர் மூன்றும் ஒரே ஃபிரேமில் வரவேண்டும் என்றால் ஆப்டிகல் பிரிண்டரில் ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத்தான் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தடவை பிரதி எடுக்கும்போதும் தெளிவு ஒரு படி இறங்கும், கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) ஒரு படி ஏறும். அதனால் இந்த மாதிரிப் படத்தை ஹெச்டிக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. என்னிடம் இருந்த டிவிடி தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்தது. சீனமும் ஆங்கிலமுமாகப் படத்திலேயே பதிந்துபோன சப்டைட்டில். வெள்ளை உடை போட்டவர் பேசினால் எழுத்து உடையிலேயே கரைந்துவிடும், பாதி வசனம் ஊகம்தான்.

ஒழுங்காகச் செய்தால் இந்தப் படங்கள் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இயக்குநர் கிங் ஹூவின் 1971ஆம் ஆண்டுப் படம் ‘எ டச் ஆஃப் ஜென்’. 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்காகப் பரிசு வாங்கியது. அதை மூல நெகட்டிவிலிருந்து, அதாவது படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமிலிருந்து, 4கேயில் மீட்டெடுத்து 2015இல் அதே கான் விழாவில் மறுபடி திரையிட்டார்கள். மூங்கில் காட்டுக்குள் விழுகிற வெயிலைப் பார்த்தால் நேற்று எடுத்தது போல இருக்கும். நாம் சின்னத் திரையில் மங்கலாகப் பார்த்த படங்கள் எல்லாம் ஒருநாள் இப்படி வரும் என்று ஏங்குகிற ரசிகர்கள் ஊர் உலகமெல்லாம் இருக்கிறார்கள். இந்தக் கடைக்காரனின் முதலீடே அந்த ஏக்கம்தான்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: ‘மூல கேமரா நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன், முதன்முறையாக ப்ளூரேயில்’. கூடவே ஓர் ஒப்பீட்டுப் படம். இடப்பக்கம் பழைய டிவிடி, வலப்பக்கம் புதியது. வலப்பக்கத்தில் கதாநாயகியின் சட்டைக் கை ஓரத்துத் தங்க ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. சரி, விளம்பரம் என்றால் அப்படித்தான் போடுவார்கள் என்று அதை நம்பவில்லை. கடையின் சாட்டில் நேரடியாகக் கேட்டேன். நெகட்டிவ்தானா, டிஎன்ஆர் (கிரெயினை வழித்தெடுக்கும் மென்பொருள் வேலை) போட்டிருக்கிறீர்களா, கம்பிகளை என்ன செய்தீர்கள், ஒலி எது?

வந்த பதில்தான் என்னைக் கவிழ்த்தது. ‘கிரெயினைத் தொடவில்லை. டிஎன்ஆர் போட்டு முகத்தை மெழுகாக்குவது எங்கள் வழக்கம் இல்லை. நடிகர்களைத் தூக்கிய கம்பிகள் ஹெச்டியில் சில இடங்களில் தெரியும், நாங்கள் அழிக்கவில்லை, அதுவும் படத்தின் வரலாறு. ஒலி பழைய மோனோதான், 5.1 என்று சொல்லிப் புது வாள் சத்தம் சேர்க்கவில்லை.’ அந்தக் காலத்து ஹாங்காங் படங்களை ஒலி இல்லாமல் எடுத்துப் பிறகு டப்பிங் செய்வார்கள், பின்னாளில் 5.1, அதாவது சுற்றிலும் கேட்கும் சரவுண்ட் ஒலி, ஆக்குகிறேன் பேர்வழி என்று எத்தனையோ படத்தின் சண்டைச் சத்தத்தையே மாற்றித் தொலைத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் ரசிகனுக்குத்தான் தெரியும். அதைத் தொட்டுப் பேசுகிற ஆளிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? 145 டாலர் கட்டினேன். அனுப்பும் செலவு அதிலேயே அடக்கம் என்று பெருந்தன்மை வேறு.

பெட்டி வந்தது. பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன், கனமான அட்டை, எழுத்துக்கு மேல் பளபளப்பு, உள்ளே தைத்த புத்தகம். டிஸ்க்கைப் போட்டேன். முதல் காட்சி சத்திரம். வாசலில் தொங்குகிற பலகையில் சீன எழுத்து இருக்க வேண்டும். இருந்தது, எந்த மொழியும் இல்லாத ஓர் எழுத்து. கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கேமரா நகர நகர ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம் எடுத்தது. பின்வரிசையில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கண் இருக்கிறது, இமை இல்லை. ஒருவருக்கு இரண்டு புருவமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. கதாநாயகி மூங்கிலிலிருந்து மூங்கிலுக்குப் பாயும் இடத்தில், அழிக்கவில்லை என்று பெருமை பேசிய அந்தக் கம்பி அறுந்த மணிமாலை மாதிரி புள்ளி புள்ளியாகத் தோன்றித் தோன்றி மறைந்தது. தலைமுடி ஒரே கறுப்புத் தகடு. கிரெயின்? மருந்துக்குக்கூட இல்லை. இருண்ட காட்சிகளில் மட்டும் மேலே பொடி தூவியதுபோல் ஒன்று அசைந்தது, அது கடைசியில் சேர்த்த போலிக் கிரெயின்.

சப்டைட்டில் இருந்த அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய பதிந்த எழுத்தை மென்பொருளை வைத்து வழித்து எடுத்திருக்கிறார்கள். அதனால் யாராவது பேசத் தொடங்கினாலே அவர் இடுப்புப் பட்டையில் ஒரு மங்கல் படர்கிறது, பேசி முடித்ததும் விலகுகிறது. மூல நெகட்டிவில் ஏதய்யா தியேட்டர் சப்டைட்டில்? இந்த ஒன்றிலேயே குட்டு உடைந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. படத்தின் ஓட்டம் 100 நிமிடம். இந்த டிஸ்க்கில் 96. வெட்டு எதுவும் இல்லை, காட்சிக்குக் காட்சி சரிபார்த்தேன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடிக்கு அதை 25ஆக ஓட்டுவார்கள். 4 சதவீதம் வேகம் கூடும், 100 நிமிடம் 96 ஆகும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். ஹீரோவின் கட்டைக் குரல் ஏன் இளைத்துக் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பிளேயரில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 24 வர வேண்டிய இடத்தில் 50 என்று காட்டுகிறது. ஆக, எங்கேயோ கிடந்த ஒரு பால் டிவிடியை ஏஐ மென்பொருளில் விட்டு ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். அந்த டிவிடியில் ஒரு ஃபிரேம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. ப்ளூரேயில் 1920க்கு 1080, 20,73,600 புள்ளி. சரியாக ஐந்து மடங்கு. திரையில் நான் பார்க்கும் ஐந்து புள்ளியில் நாலு, மென்பொருள் தானாக இட்டுக்கட்டியது. அதற்கு 145 டாலர்! டிஸ்க்கைக் கணினியில் போட்டால் பிடி-ஆர், அதாவது கணினியில் எழுதிக்கொள்ளும் வெற்று ப்ளூரே, என்கிறது. அச்சடித்த டிஸ்க்கூட இல்லை, யாரோ உட்கார்ந்து எழுதியது.

அந்த ஜரிகை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது படத்தில் வரும் ஃபிரேமே இல்லை. படப்பிடிப்பில் எடுத்த விளம்பர ஸ்டில். படத்தில் அந்தக் கணத்தில் பின்னால் இருக்கும் கொடி அவளுடைய வலது தோளுக்கு மேல் வரும், ஒப்பீட்டில் இடது தோளுக்கு மேல். ஸ்டில் கேமராக்காரர் வேறு பக்கம் நின்றிருக்கிறார். இடப்பக்கத்து ‘பழைய டிவிடி’யையும் வேண்டுமென்றே கூடுதலாக மங்கடித்திருந்தார்கள். என் டிவிடியே அதைவிட நன்றாக இருக்கிறது!

சரி, கேட்போம் என்று எழுதினேன். முதல் பதில் உடனே வந்தது: ‘உங்கள் டிவியில் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கும், அணைத்துப் பாருங்கள்.’ அது எப்போதும் அணைந்துதான் கிடக்கிறது என்றேன். ‘இயக்குநர் விரும்பியதே மென்மையான தோற்றம்தான்.’ நாலு நிமிடம் எங்கே போயிற்று? ‘அது வேறு நாட்டுப் பதிப்பு, தணிக்கை இருக்கலாம்.’ எந்தக் காட்சி போயிற்று என்று சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பதிலே இல்லை. பிறகு வேறு பெயரில் ஒருவர் வந்து, ‘உங்கள் புகார் எங்கள் ரீஸ்டோரேஷன் குழுவிடம் போயிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்’ என்றார். பொறுத்தேன். மறுபடி பொறுக்கச் சொன்னார். இந்தப் பொறுமை எதற்கு என்று இப்போது தெரிகிறது. கார்டில் கட்டிய பணத்துக்குத் தகராறு எழுப்ப ஒரு கெடு உண்டு, அது ஓடி முடிய வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கறாராகக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. ‘சீல் உடைத்த டிஸ்க்கைத் திரும்ப எடுப்பதில்லை.’ சீலை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது, ஞானதிருஷ்டியிலா? அடுத்து ஒரு பேரம்: ஐந்து நட்சத்திரம் போட்டால் 10 டாலர் கூப்பன். அதுவும் அவர்களிடமே அடுத்த பெட்டி வாங்குவதற்கு. நான் ஒரு நட்சத்திரம் போட்டு மேலே சொன்னதையெல்லாம் எழுதினேன். சில மணி நேரத்தில் விமர்சனம் காணோம். ‘ஊழியரிடம் தகாத முறையில் நடந்ததால்’ என் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். கணக்கோடு சாட்டும் போயிற்று, அந்த நெகட்டிவ் சத்தியம் முழுக்க அதில்தான் இருந்தது. விற்பனைப் பக்கத்தைப் போய்ப் பார்த்தால் ‘மூல கேமரா நெகட்டிவ்’ என்ற வரி மாயம், ‘கிடைத்ததில் சிறந்த மூலத்திலிருந்து’ என்று திருத்தியிருக்கிறார்கள். நான் பணம் வசூலித்த நிறுவனத்திடம் தகராறு எழுப்பியபோது, திருத்திய பக்கத்தைக் காட்டியே அவர்களிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் மெயில்: பொருள் வந்து சேர்ந்திருக்கிறது, விவரணையோடு பொருந்துகிறது, வழக்கு முடிந்தது. 145 டாலரும் முடிந்தது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. தோன்றியதைச் சொல்கிறேன். ‘4கே ரீமாஸ்டர்’ என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், எந்த லேப், படத்தின் உரிமை யாரிடம் என்று கேளுங்கள், பெயர் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஓட்ட நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், 4 சதவீதம் குறைந்தால் டிவிடிதான். ஒப்பீட்டுப் படம் வேண்டாம், ஓடுகிற கிளிப் கேளுங்கள். சாட், விற்பனைப் பக்கம் இரண்டையும் பணம் கட்டும் முன்பே படம் பிடித்து வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று இரண்டாவது தடவை சொன்னால் பொறுக்காதீர்கள், அன்றைக்கே தகராறு போடுங்கள்.

அதே கடை இப்போது இன்னொரு பழைய வூஷியாவுக்கு முன்பதிவு ஆரம்பித்திருக்கிறது. மறுபடியும் மூல கேமரா நெகட்டிவாம். விலை 160 டாலர்.