பம்ப் எஞ்சினைப் பந்தய எஞ்சின் என்று விற்கிறார்கள், கவனம்

திருகோணமலையில் ஒருவர், கொவன்றி கிளைமாக்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் பந்தயக் கார் எஞ்சின் இருக்கிறது என்று ஆள் தேடிக்கொண்டு திரிகிறார். பழைய கார் சேர்ப்பவர்கள், முக்கியமாகக் கொழும்பு, கண்டிப் பக்கம் உள்ளவர்கள், காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள். நான் கொடுத்த முற்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

அவர் சொன்ன கதை இது: களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுக்குருந்தையில் ரேஸ் ஓடிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர், 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற எஃப்.டபிள்யூ.ஏ எஞ்சினாம். ஐம்பதுகளில் லோட்டஸ் லெவன் போன்ற சின்னப் பந்தயக் கார்களில் ஓடிய எஞ்சின் அது. அலுமினிய உடம்பு, 1098 சிசி. கையால் தொட்டுப் பார்க்கவே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் அதன் மூலம் ஒரு தீயணைப்பு பம்ப் எஞ்சின். தூக்கிச் செல்ல இலேசாக இருக்க வேண்டுமென்று 1020 சிசியில் செய்ததைத்தான் பிறகு சிலிண்டர் துளையைப் பெருப்பித்துக் காருக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

துளையை அளக்க, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "கேஸ்கட் இங்க எடுக்க ஏலாது தம்பி, கழற்றினா எஞ்சின் பாழ்" என்றார். சரி, எஃப்.டபிள்யூ.ஏ இல்லையென்றால் காசு திரும்ப வரும் என்று எழுதித் தாங்கோ அண்ணை என்றேன். பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

உவர்மலையில் எனக்குத் தெரிந்த கராஜில் இறக்கினோம். பாஸ் ஹெட்டை எடுத்து வேர்னியர் அளவுகோலை வைத்தார். துளையின் விட்டம் 69.9 மில்லிமீற்றர். எஃப்.டபிள்யூ.ஏக்கு 72.4 இருக்க வேண்டும். நாலு சிலிண்டரும் அதே கதை. தேய்ந்தால் துளை பெருக்குமே ஒழியச் சிறுக்காது. அப்புறம் எஞ்சின் நம்பர் அடித்த இடத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தார். வெள்ளிப் பெயின்ற் கழன்று கிரைண்டர் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தன, கடைசி எழுத்து மட்டும் மற்றதைவிடப் பெரிது.

பம்ப் எஞ்சினைக் குறைத்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் அதைத் திருத்திப் பந்தயத்துக்கே ஓடுகிறார்கள். பம்ப் என்று சொல்லி, பம்ப் விலைக்குத் தந்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். நம்பரைச் சுரண்டிப் புதிதாக அடித்து, ஒரு மனிதரின் பெயரையும் இழுத்துக் கதை கட்டியதுதான் வயிற்றெரிச்சல்.

எஞ்சினைத் தந்தால் காசைத் தருகிறேன் என்று லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர், பிறகு போனை எடுக்கவில்லை. பற்றுச்சீட்டோடு பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். இதற்கிடையில் அதே எஞ்சினின் படம் கண்டியிலுள்ள நண்பர் ஒருவருக்குப் போயிருக்கிறது, விலை இன்னும் கூட்டி.

உங்களுக்கும் வந்தால் நம்பர் இருக்கும் இடத்தைக் கிட்டப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும் கிரைண்டர் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஹெட்டைக் கழற்றி உங்கள் கண்முன்னே அளக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.