டெக்ட், வைஃபை, சிம்: டர்பன் அலுவலகக் கட்டடத்துக்கு எந்தக் கம்பியில்லாத் தொலைபேசி?

டர்பன் நகர நடுவில், விக்டோரியா தெருச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில், கீழே கடை, மேலே அலுவலகம், பின்னால் கிடங்கு என்று அமைந்த பழைய கட்டடங்கள் நிறைய. சுவர் தடித்த செங்கல், தளம் கான்கிரீட். உம்லாங்கா ரிட்ஜ் பக்கம் போனால் கதை வேறு: உள்ளே மெல்லிய ஜிப்சம் தடுப்புகள், வெளியே வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு ஏற்றிய கண்ணாடி. இந்த இரண்டு கட்டடத்துக்கும் ஒரே தொலைபேசி அமைப்பை விலைப்பட்டியலில் எழுதிக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். செப்புக் கம்பி இணைப்புகள் விலகி ஃபைபர் வந்தபின், பழைய சுவிட்ச்போர்டை மாற்றும் பலர் "இனி மேசைக்கு மேசை கம்பி வேண்டாம்" என்று முடிவெடுக்கிறார்கள். நியாயமான முடிவுதான். அதற்கு வழி மூன்று: டெக்ட் (தனக்கென ஓர் அலைவரிசையில் ஓடும் கம்பியில்லாப் போன் முறை), வைஃபை போன், சிம் கார்டு. ஹேண்ட்செட் விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் தப்புக் கணக்கே வரும். சுவர், மின்சாரம், நடமாடும் ஆட்கள் ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

கணக்குக்கு ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், ஒவ்வொன்றும் 40 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், பின்னால் ஒரு கிடங்கு. வேலை செய்வோர் 60 பேர். அதில் இருக்கையை விட்டு நடந்துகொண்டே பேச வேண்டியவர்கள் 28 பேர். மீதி 32 பேருக்கு மேசையில் கம்பிப் போனே போதும். இந்தப் பிரிப்பை முதலில் செய்தாலே செலவு நன்றாகக் குறையும். எல்லோருக்கும் கம்பியில்லாப் போன் கொடுப்பது வீண்.

டெக்ட்

பேச்சுக்காகவே பிறந்த தொழில்நுட்பம். தென்னாப்பிரிக்காவில் இதற்கான அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பாவில் உள்ள அதே அளவு. பத்து அலைத்தடம், ஒவ்வொன்றிலும் 12 இணை நேரத்துண்டு (போக ஒன்று, வர ஒன்று). ஆக 120 பேச்சுத் தடம். பக்கத்துக் கடை வைஃபை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் இதைத் தொடாது. அதுதான் இதன் பெரிய பலம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் "டெக்ட் 6.0" பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். அவை 1920 முதல் 1930 வரை வேலை செய்பவை. இங்கே அந்த இடம் கைப்பேசிகள் டவருக்குப் பேசும் அலைவரிசை. பயன்படுத்தினால் சட்டத்துக்குப் புறம்பு, அக்கம்பக்கத்து மொபைல் சேவைக்கும் தொல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாருங்கள்.

பெட்டியில் "உள்ளே 50 மீட்டர்" என்று அச்சிட்டிருக்கும். செங்கல் கட்டடத்தில் 20, 25 மீட்டர் கிடைத்தால் நல்லது. கான்கிரீட் தளம் ஒன்று 15 டெசிபெல் (அலையின் வலு எவ்வளவு தேய்கிறது என்பதன் அளவு) அல்லது அதற்கு மேலும் விழுங்கும். லிஃப்ட் தண்டும் இரும்புப் பெட்டக அறையும் அலையை முழுதாகவே மறைக்கும். ஆகவே நம் கட்டடத்துக்குத் தளத்துக்கு இரண்டு பேஸ் (ஹேண்ட்செட்டோடு அலைவழி பேசும் சுவர்ப்பெட்டி), கிடங்குக்கு ஒன்று, மொத்தம் 9 என்று தொடங்கலாம். இறுதி எண்ணிக்கையை நடந்து அளந்த பிறகே சொல்ல முடியும்.

அளப்பது எப்படி? ஒரு பேஸை இரண்டரை மீட்டர் உயரக் கழியில் கட்டி, மின்கல மின்சாரம் கொடுத்து, நினைத்த இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்செட்டை அளவை முறைக்கு மாற்றினால் திரையில் சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும்; எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கதவையும் மூடிவிட்டு, போனை இடுப்பில் செருகியபடி நடக்க வேண்டும். உடம்பே சில டெசிபெல் தின்னும். கையில் தூக்கிப் பிடித்து அளந்தால் பொய்க்கணக்கு. தாழ்வாரத்தில் −58 காட்டும். படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவு பின்னால் மூடியதும் −74. அரைமாடி திரும்பினால் −82, பேச்சில் கரகரப்பு. தரைப்படத்தில் அந்த மூலையைச் சிவப்பால் வட்டமிடுங்கள். பேசும் இடமெல்லாம் −65க்குக் குறையாமல், எந்த மூலையிலும் −70க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். கழிப்பறை, கோப்பறை, கார் நிறுத்தம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். குறை வருவது அங்கிருந்துதான்.

பலரும் கோட்டை விடுவது பேஸ்களின் ஒத்திசைவில். பேச்சு அறுந்துபோகாமல் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு மாற வேண்டுமானால் எல்லா பேஸும் ஒரே நேரத்துடிப்பில் ஓட வேண்டும். அதற்கு ஒன்றை ஒன்று காற்றுவழியே கேட்க வேண்டும், −75 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக. போனுக்குச் சிக்னல் போதும், பேஸுக்குப் பேஸ் கேட்கவில்லை என்ற நிலை வந்தால், அந்தத் தளம் தனித்தீவு ஆகிவிடும். அங்கே நின்று பேசலாம், படி ஏறினால் அறுந்துவிடும். மருந்து எளிது: படிக்கட்டுக் கூண்டிலேயே ஒரு பேஸ் வைத்தால் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் அது பாலமாகும். முதன்மை பேஸ் கட்டடத்தின் நடுவில் இருக்கட்டும், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு பேஸைக் கேட்கட்டும். கேபிள் வழியாகவும் ஒத்திசைக்கலாம். ஆனால் அதற்குத் தரமான நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) வேண்டும், நடுவில் யாராவது மலிவு சுவிட்ச் ஒன்றைச் செருகினால் துடிப்பு தடுமாறும்.

பேச்சுக் கொள்ளளவு பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஒரே நேரத்தில் எட்டுப் பேச்சு தாங்கும் பேஸின் கீழ், மணிக்கு ஆறு நிமிடம் பேசும் 30 பேர் இருந்தால், நூற்றில் ஓர் அழைப்புக்குத்தான் இடம் இருக்காது. பாதி நேரம் பேசும் விற்பனைப் பிரிவு என்றால் அதே பேஸ் எட்டு, ஒன்பது பேருக்கே சரி. அகலக்குரல் எனும் தெளிவொலியை இயக்கினால் பல பேஸ்களில் கொள்ளளவு பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேஸைச் செங்குத்தாகச் சுவரில் மாட்டுங்கள். பொய்க்கூரைக்கு மேலே, குளிர்சாதனத் தகரக் குழாய்க்குப் பக்கத்தில் மறைத்து வைத்தால் பாதிப் பரப்பு போய்விடும். கேபிள் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு. அதே கம்பியில் மின்சாரமும் போகும்போது சூடேறி, தூரத்து பேஸ் அடிக்கடி அணைந்து எழும். காவலாளி அறைக்கோ வெளிக் கிடங்குக்கோ திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம், ஃபைபர் போடுங்கள். கோடை இடியில் ஒரு மின்னல் அந்தக் கம்பிவழி வந்து, ராக் எனும் கருவி அடுக்குப் பெட்டகம் முழுவதையும் சுட்டுவிடும். கடல்காற்று படும் இடத்தில் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். மூடிய பெட்டி அவசியம்.

சின்ன விஷயம் ஒன்று, திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. சார்ஜர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கோடு வரும். நம் சுவரில் மூன்று தடி முள் சாக்கெட். ஆளுக்கொரு சார்ஜர், ஆளுக்கோர் அடாப்டர், அதற்குமேல் நீட்டிப்புக் கம்பி என்று மேசை அடியில் முடிச்சு விழும். சார்ஜர் நிற்கும் இடங்களை முன்பே குறித்து, மின்பணியாளரைக் கொண்டு சாக்கெட் போட்டுவிடுங்கள்.

வைஃபை போன்

"வைஃபைதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்ற வாதத்தில்தான் இது விற்கப்படுகிறது. இருக்கும் வைஃபை மின்னஞ்சலுக்குப் போடப்பட்டது. மின்னஞ்சல் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. பேச்சில் அரை நொடி என்றால் ஒரு சொல்லே காணாமல் போகும்.

பேச்சுக்கான வைஃபைக்கு ஒவ்வோர் இடத்திலும் −67 டிபிஎம் சிக்னல், இரைச்சலுக்கு மேல் 25 டெசிபெல், ஒன்றின் பரப்பு அடுத்ததன் மேல் ஐந்தில் ஒரு பங்கு விழும்படி ஆக்சஸ் பாயிண்டுகள் (வைஃபை அலை வீசும் பெட்டிகள்) வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடம் மூன்றே: 1, 6, 11. நகர நடுவில் அவை பக்கத்துக் கடைகளாலேயே நிரம்பியிருக்கும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ். அது செங்கல்லில் இன்னும் சீக்கிரம் தேயும், ஆகவே நம் கட்டடத்துக்குத் தளத்துக்கு நான்கு, கிடங்குக்கு இரண்டு, மொத்தம் 18 வரை போகும். தடம் 36 முதல் 48 வரை முதலில் நிரப்புங்கள். 52 முதல் 140 வரையான தடங்களில் ரேடாரைக் கண்டால் ஆக்சஸ் பாயிண்ட் அந்தத் தடத்தை உடனே விட்டு ஓட வேண்டும் என்பது விதி. நடுப்பேச்சில் ஓடினால் பேச்சும் போகும்.

அமைப்பில் சரிபார்க்க வேண்டியவை: தட அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், குறைந்தபட்ச வேகம் 12 மெகாபிட், பேச்சுக்கு முன்னுரிமைக் குறி 46, விரைவு மாற்றத்துக்கான 802.11ஆர். இந்தக் கடைசி வசதி இல்லாமல் கடவுச்சான்றை ஒவ்வொரு முறையும் முழுதாகச் சரிபார்த்தால், தாழ்வாரத்தில் நடக்கும்போதெல்லாம் ஒரு வெட்டு. இன்னொரு வழக்கமான பிழை, ஆக்சஸ் பாயிண்டின் சக்தியை உச்சத்தில் வைப்பது. அது கத்துவது போனுக்குக் கேட்கும். போன் மெல்லப் பேசுவது அதற்குக் கேட்காது. "அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, என் குரல்தான் அவருக்குப் போகவில்லை" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இதுதான். சக்தியைப் போனின் அளவுக்கு இறக்குங்கள்.

கட்டடம் முழுக்கப் புதிதாக வைஃபை போடப்போகிறீர்கள், உள்ளே ஜிப்சம் தடுப்புகள்தான், ஸ்கேனரும் போனும் ஒரே கருவியில் வேண்டும் என்றால் இது நல்ல தேர்வு. மற்றபடி டெக்டைவிட மலிவு என்று நினைத்து இதற்குப் போகாதீர்கள்.

மின்வெட்டுக் கணக்கு

ஒப்பீட்டில் தராசு சாய்வது இங்கேதான். இரண்டு மணி நேர வெட்டு அடுத்தடுத்து இரண்டு வந்து, திரும்ப மின்சாரம் வர அரை மணி பிடித்தால் நாலரை மணி நேரம். டெக்ட்டில் 9 பேஸ் ஒவ்வொன்றும் 4 வாட், சுவிட்ச் 25, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் 25. ஏறக்குறைய 90 வாட், நாலரை மணிக்கு 400 வாட்மணி. வைஃபையில் 18 ஆக்சஸ் பாயிண்ட் ஒவ்வொன்றும் 15 வாட், சுவிட்சுகள் 60, மற்றவை 25; சுமார் 355 வாட், 1600 வாட்மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்மணி ஈய மின்கலம் ஒன்றில், கெடாமல் எடுக்கக்கூடியது பாதியான 600தான். அதாவது டெக்ட்டுக்கு ஒரு மின்கலம், வைஃபைக்கு மூன்று. அதுவும் அடுத்த வெட்டுக்குள் ஈய மின்கலம் முழுதாக நிரம்பாது. வெட்டு அதிகமான வாரங்களில் லித்தியமே தாங்கும். கணினிகளுக்காக வைஃபையை எப்படியும் காப்பு மின்சாரத்தில் ஓட்டுவதாக இருந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அதையும் சொல்வதுதான் நியாயம்.

சிம்

நிறுவவே வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. ஆளுக்கொரு கைப்பேசி, அல்லது சிம் போடும் மேசைப்போன். வண்டியில் சுற்றும் விற்பனையாளருக்கும் துறைமுகத்தில் சரக்கு எடுப்பவருக்கும் இதுதான் சரி. அலுவலகத்துக்குள் மூன்று சிக்கல். முதலாவது, உலோகப் பூச்சுக் கண்ணாடி 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கும். வோடகாம், எம்டிஎன், டெல்காம் மூன்றின் சிம்மையும் கட்டடத்தின் நடு அறையில் போட்டுப் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். அனுமதியில்லாமல் சிக்னல் பெருக்கி மாட்டுவது குற்றம், டவருக்கும் இடைஞ்சல். இரண்டாவது, நீண்ட மின்வெட்டில் டவரின் மின்கலம் தீர்ந்தால் உங்கள் யுபிஎஸ் எதுவும் செய்ய முடியாது. மூன்றாவது, வாடிக்கையாளரின் அழைப்பு ஊழியரின் சொந்த எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வரவேற்பில் இருக்கும் அக்கா "இதோ மாற்றிவிடுகிறேன்" என்று கிடங்கில் உள்ள அண்ணனுக்கு அழைப்பைத் தள்ளும் வசதியும் போய்விடும். கைப்பேசியில் நிறுவனச் செயலியைப் போட்டால் அலுவலகத்தின் 031 எனத் தொடங்கும் டர்பன் எண்ணே வெளியே தெரியும், மாற்றவும் முடியும். அதற்கு விலை, சீக்கிரம் தீரும் பேட்டரியும், பின்னணியில் செயலி உறங்கி மணி அடிக்காமல் போவதும். ரைக்கா சட்டப்படி ஒவ்வொரு சிம்மும் பதிவாக வேண்டும் என்பதால், விலகும் ஊழியரிடமிருந்து சிம்மைத் திரும்ப வாங்கும் முறையும் வேண்டும்.

தேர்வும் நிறுவலும்

நம் நான்கு தளக் கட்டடத்துக்கு: நடமாடும் 28 பேரில் கட்டடத்துக்குள் இருக்கும் 24 பேருக்கு டெக்ட், வெளியே சுற்றும் 4 பேருக்குச் செயலி போட்ட கைப்பேசி, மற்றவர்களுக்குக் கம்பி. ஒரே தளத்தில் பத்துப் பேருக்குள் இருக்கும் சிறு அலுவலகத்துக்கு எட்டுப் பேச்சு தாங்கும் தனி பேஸ் ஒன்றே போதும். ஒத்திசைவுத் தலைவலியே இல்லை.

பொருத்திய முதல் வாரத்தில் வரும் கோளாறுகளுக்கு முகம் உண்டு. அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்தால், எடுத்ததற்கான ஒப்புதல் செய்தி ரவுட்டரில் தொலைகிறது. ரவுட்டரில் "சிப் ஏஎல்ஜி"யை (இணையவழி அழைப்புச் செய்திகளை ரவுட்டர் தானே திருத்தும் வசதி) அணையுங்கள். சரியாக 15 நிமிடத்தில் அறுந்தால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் அமர்வுப் புதுப்பிப்புச் செய்தி போய்ச் சேரவில்லை. டெக்டில் ஒரு பக்கக் குரல் என்றால், உள் முகவரியை வெளி முகவரியாக்கும் ரவுட்டரின் முகவரி மாற்றத்தில் கோளாறு. ஒரு தளத்தில் மட்டும், அதுவும் நடக்கும்போது மட்டும் என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள், பேஸ்களின் ஒத்திசைவைப் பாருங்கள். ஹேண்ட்செட் பதிவுக்கான 0000 கடவு எண்ணை அன்றே மாற்றி, பதிவு முடிந்ததும் பதிவு முறையையும் மூடிவிடுங்கள்.

இணைய இணைப்பு பற்றிப் பயம் வேண்டாம். சுருக்காத பேச்சு ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட், பத்துப் பேச்சுக்கு ஒரு மெகாபிட்கூட ஆகாது.

ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை ஒரு சனிக்கிழமைச் சோதனையோடு கட்டிப்போடுங்கள். பிரதான மின்சுவிட்சை இறக்குங்கள். கிடங்கிலிருந்து வெளி எண் ஒன்றுக்கு அழைத்து, பேசிக்கொண்டே படியேறி மேல்தளம்வரை நடந்து, திரும்பி இறங்குங்கள். காவல்துறைக்கான 10111, ஆம்புலன்ஸுக்கான 10177 இரண்டும் எல்லாப் போனிலிருந்தும் போகும்படி அமைத்திருக்கிறார்களா என்று எண் அமைப்பைக் காட்டச் சொல்லுங்கள். நாலரை மணி நேரம் கழித்து அதே நடையை மறுபடி நடந்து, சிவப்பு வட்டமிட்ட தரைப்படத்தில் புதிய அளவுகளை எழுதி, ராக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.