மீட்டரைக் காட்டிக் காற்று விற்கிறார்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாக வீடு கட்டி, யுபிவிசி ஜன்னல் போட்டு, பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். உங்களைத் தேடி ஒருவர் வருவார். கைக்கடக்கமான மீட்டர் ஒன்றை எடுத்து ஹாலில் வைப்பார். அது 2,800, 3,100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) என்று சிவப்பில் ஏறும். “கார்பன் டை ஆக்சைடு, சார். வீட்டைக் காற்றுப்புகாமல் கட்டியிருக்கிறீர்கள். காற்றோட்ட இயந்திரம் வைக்காமல் குழந்தைகளை இங்கே படுக்க வைக்காதீர்கள்” என்பார்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். குழந்தைகள் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமனார் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். மொத்தம் 3,75,000 ரூபாய். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் அந்த மீட்டர். வாங்கியவர்களுக்குப் பரிசு என்று அதே மாதிரி ஒன்றை எங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் அண்ணன் மகன், தின்னரில் நனைத்த பஞ்சை அதன் அருகில் கொண்டுபோனான். எண் 5,000-க்கு எகிறியது. தின்னரில் கார்பன் டை ஆக்சைடு ஏது? அந்த மீட்டர் அந்த வாயுவை அளப்பதே இல்லை. பெயின்ட், வார்னிஷ், பிளைவுட் பசை ஆகியவற்றின் ஆவியை மோந்துவிட்டு ஓர் எண்ணை ஊகித்துச் சொல்கிறது. புது வீட்டில் அது சிவப்பில் ஏறாவிட்டால்தான் ஆச்சரியம். வாசலில் வைத்துச் சோதித்தாலும் ஏமாந்துவிடுவீர்கள். சுத்தமான காற்றில் அது தானாகவே 400-க்கு வந்து நின்றுகொள்ளும். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் மீட்டர்தான் நம்பத் தகுந்தது. விலை சில ஆயிரம் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்து, ‘காற்றுப்புகாத வீடு’ என்ற பேச்சு. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று கணக்கிடுவார்கள். ஜெர்மனியின் பாஸிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடு) தரத்துக்கு அது 0.6-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் அளக்கவில்லை. தேக்குக் கதவின் அடியில் பல்லி நுழையும் இடைவெளி, ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளையில் பாதி அடைபடவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் எங்கும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தும் அந்த மாதத்தில் காலையில் தரையில் கால் வைத்தால் புழுதி ஒட்டுகிறது. இந்த வீடுதான் காற்றுப்புகாத வீடாம்!

அதற்காக, வீட்டில் பிரச்சினையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு இருவர் தூங்கும் படுக்கையறையில், அகச்சிவப்பு மீட்டர் விடியற்காலையில் 2,000-க்கு மேல் காட்டியது. வெளியே சுமார் 420தான். கதவை ஒரு சாண் திறந்து வைத்த இரவில் ஆயிரத்துக்குள் நின்றது. ஆக, ஏ.சி. அறைக்குப் புதுக்காற்று வேண்டும், அது உண்மை. ஹாலுக்கும் பூஜையறைக்கும் எதற்கு?

அவர்கள் விற்றது, வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் இயந்திரம். குளிர்நாட்டுக்கு அருமையான ஏற்பாடு. முதல் பாஸிவ் ஹவுஸ் 1991-இல் எழுந்த டார்ம்ஸ்டாட் நகரில், குளிர்காலத்தில் வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே 20. இங்கே சித்திரை இரவில் வெளியே 27, அறைக்குள் 25. இந்த இரண்டு டிகிரியில் எதை மீட்பது? மணிக்கு 140 கன மீட்டர் காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏ.சி.யில் மிச்சமாகும் மின்சாரம் 25 வாட்டைத் தொடவில்லை. இயந்திரத்தின் இரண்டு விசிறிகள் 80 வாட் இழுக்கின்றன. 38 டிகிரிப் பகலில் கொஞ்சம் லாபம் வரும்தான், ஆனால் எங்கள் வீட்டில் பகலில் ஏ.சி. ஓடுவதில்லை. போதாக்குறைக்கு, இந்த வகை இயந்திரம் ஈரத்தைத் தடுக்காது. ஐப்பசி மழையில் ஈரக்காற்றை அப்படியே உள்ளே தள்ளியது.

பொருத்திய லட்சணத்தை எழுதினால் கோபம்தான் வருகிறது. வெளிக்காற்றை இழுக்கும் வாயை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு நேர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இயந்திரத்தைப் போட்டால் வீடு நாறியது. “புது வீட்டில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்றார் அவர்களுடைய இன்ஜினியர். படுக்கையறையில் காற்று வருவதே தெரியவில்லை. 100 லிட்டர் குப்பைப் பையைச் சுருட்டிக் காற்று வரும் வாயில் பிடித்துப் பாருங்கள். பத்து விநாடியில் உப்பினால் விநாடிக்கு 10 லிட்டர் வருகிறது, இருவருக்கு அது போதும். எங்கள் பை உப்ப நாற்பது விநாடிக்கு மேல் ஆயிற்று. ஏ.சி. மெக்கானிக்கை அழைத்து ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தபோது, வளையும் அலுமினியக் குழாய் கம்பிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பெட்டியைத் திறந்தவர், “அண்ணா, இதற்குள் விசிறி மட்டும்தான் இருக்கிறது” என்றார். வெப்பத்தை மாற்ற வேண்டிய அடுக்கையே காணோம். வடிகட்டியைக் கழற்றவும் வழி வைக்கவில்லை. மாதாமாதம் கழுவ வேண்டிய பொருள் அது.

இப்போது படுக்கையறைச் சுவரில் நான்கு அங்குலத் துளை போட்டு, வடிகட்டி வைத்த சிறு விசிறி ஒன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. விடியற்காலையில் அகச்சிவப்பு மீட்டர் 900-ஐச் சுற்றி நிற்கிறது. கொத்தனார் கூலி உட்பட, அவர்களுக்குக் கொடுத்ததில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சமையலறைச் சிம்னியின் குழாயை வெளியே கொண்டுபோய் விட்டோம். வீட்டை நன்றாக அடைத்துக் கட்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் உடனே வெளியே மாற்றுங்கள். உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும் விசிறி, அதன் புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

பணத்தைக் கேட்டால், “மோட்டாருக்கு மட்டும்தான் வாரண்டி” என்கிறார்கள். பில்லில் இருப்பது ‘காற்றோட்ட வேலை, மொத்தம்’ என்ற ஒரே வரி. மாடல் எண் இல்லை, காற்றின் அளவும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். பிரித்த பெட்டியின் படங்களையும், அந்தப் பரிசு மீட்டரையும் சேர்த்தே ஒப்படைத்தோம்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் பையைப் பிடித்துப் பாருங்கள். பெட்டியை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். அறைவாரியாக எத்தனை லிட்டர் காற்று என்று பில்லில் எழுதித் தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.